குடிநீர் சர்வேக்கு வந்தவர்

வீட்டம்மா: ...இல்ல, ஒரு நிமிஷம் இருங்கம்மா. தண்ணிய வடிகட்டிக் குடிக்கிறீங்களான்னு கேட்டீங்க, சரி. காய்ச்சிக் குடிக்கிறீங்களான்னு கேட்டீங்க, அதுவும் சரி. வீட்டுக்காரருக்குக் கோபம் வருமான்னு எதுக்குக் கேக்கறீங்க?

வந்தவர்: அது... கோபக்காரங்க தண்ணி அதிகமாக் குடிப்பாங்கம்மா. செலவு கூடும்ல.

வீட்டம்மா: ஓ. அப்படின்னா எங்க வீட்டு டேங்க் எப்பவும் நிரம்பியே கெடக்கும்னு போட்டுக்கோங்க.

வந்தவர்: கோபமே வராதா?

வீட்டம்மா: வெளிய வராது. உள்ள இருக்கான்னு எனக்கே தெரியாது. இத்தனை வருஷமாப் பாக்கறேன், தெரியல... என்ன, எழுதிக்க மாட்டீங்களா?

வந்தவர்: எழுதிட்டேனே. போன்லதான் எல்லாம்.

வீட்டம்மா: போன் அணைஞ்சு கெடக்கே.

வந்தவர்: பேட்டரி மிச்சம் புடிக்கறதுக்காக. பேசினா அதுவே ஏத்திக்கும்.

வீட்டம்மா: கெட்டிக்காரப் போன். ம், அடுத்தது கேளுங்க.

வந்தவர்: வீட்ல மொத்தம் எத்தனை பேர்?

வீட்டம்மா: மூணு. நான், அவர், பையன். கூடிய சீக்கிரம் நாலு. பையனுக்குக் கல்யாணம் பேசிட்டிருக்கோம்.

வந்தவர்: ரொம்ப சந்தோஷம். வர்ற பொண்ணுக்கு எந்த ரூம் குடுக்கப் போறீங்க?

வீட்டம்மா: இதுவும் தண்ணிக் கணக்குலயே வருதா?

வந்தவர்: பைப் லைன் எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்கணும்ல.

வீட்டம்மா: மாடி ரூம்தான். ஏறி வர்றீங்களா, காட்டறேன்?

வந்தவர்: சேச்சே, அதெல்லாம் எதுக்கு. நாங்க அப்படி வீட்டுக்குள்ள எல்லாம் வரக்கூடாது... சரி, கூப்பிடறீங்க. எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்.

வீட்டம்மா: பாத்து, அந்த மூணாவது படி கொஞ்சம் ஒசரம். ...ம், இதுதான். காலைல வெளிச்சம் நேரா மேசை மேல விழும். உக்காந்து படிக்கலாம்.

வந்தவர்: நல்லா இருக்கு. காத்து வருது... அலமாரிதான் பத்தாது. அவ புத்தகத்துக்கே ரெண்டு அலமாரி வேணுமே.

வீட்டம்மா: யாரு புத்தகத்துக்கு?

வந்தவர்: வர்ற பொண்ணுங்க. பொதுவாச் சொன்னேன். இப்பல்லாம் பொண்ணுங்க நிறைய படிக்குதுங்க.

வீட்டம்மா: ஆமாமா. பொதுவா. ...உங்க பை உள்ள ஏதோ அடிக்குது பாருங்க.

வந்தவர்: கம்பெனி போன்தான். ஒரு நிமிஷம்... சொல்லுடி... சொல்லுங்க மேனேஜர். ஆபீஸ்லதான் இருக்கேன். இல்ல, எங்கயும் போகல. சத்தியமா. சாப்டேன். வைக்கறேன்.

வீட்டம்மா: மேனேஜர் ரொம்ப அக்கறையானவர் போல. சாப்பாடெல்லாம் விசாரிக்கறார்.

வந்தவர்: நல்ல கம்பெனிங்க.

வீட்டம்மா: வாங்க, கீழ போய் உக்காருவோம், டீ போட்டு வச்சிருக்கேன். அந்தப் பொண்ணு இருக்கே, எங்க மருமகளா வரப்போறவ... தங்கமான பொண்ணு. இங்க வந்தா நேரா சமையல்கட்டுக்கு வந்து மேடை மேல ஏறி உக்காந்துக்கும். அம்மாவ நெனச்சாத்தான் கொஞ்சம் யோசனையா இருக்கு.

வந்தவர்: ஏன்... அம்மாவுக்கு என்ன?

வீட்டம்மா: பத்திரிகைக்காரங்களாம். சும்மா ஆபீஸ்ல உக்காந்து எழுதற ஆள் இல்ல. வேஷம் போட்டுக்கிட்டுப் போய்த் துப்பறிஞ்சு எழுதறவங்க. ஒரு தடவை ஆஸ்பத்திரில நர்சு வேஷம் போட்டுப் போனாங்களாமே.

வந்தவர்: நர்சா? ...இருக்கும். துப்புரவு வேலைக்குன்னு நான் கேள்விப்பட்டேன்.

வீட்டம்மா: நர்சுதான். ரெண்டே நாள்ல மாட்டிக்கிட்டாங்களாம்.

வந்தவர்: ரெண்டு நா... ம். டீ நல்லா இருக்கு.

வீட்டம்மா: அப்புறம் கல்குவாரி பத்தி ஒரு படம் எடுத்தாங்க. பரிசெல்லாம் குடுத்தாங்க. நானும் பாத்தேன். கல்லு நல்லா நடிச்சிருந்துச்சு.

வந்தவர்: அது டாக்குமெண்டரிம்மா. அதுல யாரும் நடிக்க மாட்டாங்க.

வீட்டம்மா: அதான் சொல்றேன், கல்லு கூட நடிக்காமயே நல்லா நடிச்சிருந்துச்சு. ...என்ன, சிரிக்கறீங்க?

வந்தவர்: ஒண்ணுமில்ல. நீங்க பேசறது நல்லா இருக்கு. அந்தம்மா வந்து பேசிட்டாங்களா?

வீட்டம்மா: எங்க வந்தாங்க. எப்பக் கேட்டாலும் ஷூட்டிங்னு பொண்ணு சொல்லும். பாவம், அதுக்கே அம்மாவப் பாக்கறது அபூர்வமாம். இன்னொண்ணும் இருக்கு. எங்க வீட்டுக்காரர்கிட்ட பொண்ணோட அம்மா பத்திரிகைல வேலைன்னு மட்டுந்தான் சொல்லியிருக்கோம். யாருன்னு சொல்லல.

வந்தவர்: ஏன் சொல்லல?

வீட்டம்மா: நாக்கு வரைக்கும் வரும். தைரியம் வராது... இந்தா, கேட் சத்தம். அவரேதான்.

வீட்டுக்காரர்: யாரோ வந்திருக்காங்க போல. வணக்கங்க.

வீட்டம்மா: குடிநீர் சர்வேக்கு வந்திருக்காங்க. உங்களையும் சில கேள்வி கேக்கணுமாம். கேளுங்கம்மா, தயங்காம கேளுங்க.

வீட்டுக்காரர்: கேளுங்க, கேளுங்க. காலைலேர்ந்து ஸ்டியரிங்கப் புடிச்சு உக்காந்திருக்கேன். மனுஷங்களோட பேசினா நல்லாத்தான் இருக்கும்.

வந்தவர்: நீங்க என்ன தொழில் பண்றீங்க சார்?

வீட்டுக்காரர்: டிரைவிங் ஸ்கூல். வாசல்ல எல் போர்டு போட்டு நிக்குது பாருங்க, அந்த வண்டி நம்மளுது. இந்தத் தெருவுல இருக்கற பாதிப் பேர் நான் கத்துக்குடுத்தவங்கதான். மீதிப் பேர் அவங்களப் பாத்து ஒதுங்கி நடக்கறவங்க.

வந்தவர்: அதுக்கு முன்னாடி?

வீட்டுக்காரர்: மருந்து கம்பெனில இருந்தேன். பேக்கிங் சூப்பர்வைசர். அத இழுத்து மூடி ரொம்ப வருஷம் ஆச்சு. பையன் அப்ப நடக்கக்கூட ஆரம்பிக்கல.

வந்தவர்: ஏன் மூடினாங்க?

வீட்டுக்காரர்: ஒரு அம்மா பத்திரிகைல எழுதிட்டாங்க.

வந்தவர்: பொய்யாவா?

வீட்டுக்காரர்: அதாங்க கஷ்டமே. உண்மையத்தான் எழுதினாங்க. காலாவதியான மருந்து, கொழந்தைங்களுக்குக் குடுக்கற காய்ச்சல் மருந்து. ராத்திரி ஷிப்ட்ல பழைய லேபிள் மேலயே புது லேபிள ஒட்டி அனுப்பியிருக்கானுங்க. பகல்ல வேலை பாத்த எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

வந்தவர்: அப்ப அந்தம்மா மேல கோபம்...

வீட்டுக்காரர்: கோபமா? இருங்க, ஒண்ணு காட்டறேன். இந்தா, அந்தப் புத்தகத்த எடு.

வீட்டம்மா: கையோடவே வச்சிருக்கேன்.

வீட்டுக்காரர்: பேப்பர்ல எழுதினது போதாதுன்னு புத்தகமா வேற போட்டாங்க. கேளுங்க, படிக்கறேன். 'பகல் வேளையில் பேக்கிங் பகுதிக்குள் நுழைந்தபோது, வழுக்கைத் தலையும் பெருத்த தொந்தியுமாக ஒருவர் பெட்டிகளின் மேல் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.' கேட்டீங்களா? குறட்டை. சூப்பர்வைசர்னா நான் ஒருத்தன்தான். ஊரே படிச்சுச்சு. எங்க மச்சான் போன் பண்ணி, மாமா இப்ப முழிச்சிருக்கீங்களான்னு கேக்கறான்.

வீட்டம்மா: இன்னைக்கும் கேக்கறான்.

வீட்டுக்காரர்: எனக்கு அப்ப தலை நிறைய முடி இருந்துச்சுங்க. கல்யாண போட்டோ காட்டட்டுமா? சீப்பு ஒடையும். தொந்தியா? பெல்ட்டுல எக்ஸ்ட்ரா ஓட்டை போட்டு இறுக்கிட்டுத் திரிஞ்சேன். வேலை போனதக் கூட மறந்துட்டேன். இந்த வழுக்கைய மறக்க முடியலங்க. கண்ணால பாக்காமயே எழுதியிருக்காங்க. வாய்க்கு வந்தது...

வந்தவர்: பாக்காம எழுதல. அது நீங்க இல்ல. அது ஸ்டோர் கீப்பர். உங்களப் பத்தி அதுக்கு அடுத்த வரிலயே இருக்கு, நீங்க அதப் படிக்கவே இல்ல. 'அவருக்கு அப்பால், ஒல்லியான இளைஞர் ஒருவர் மட்டும் ஒவ்வொரு பெட்டியாகக் குலுக்கிப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரே மனிதர் அவர்.' நான் அந்த வரிய எத்தனை தடவை அடிச்சு...

வீட்டம்மா: டீ ஆறிப்போச்சு. சூடு பண்ணிக் கொண்டாரட்டுமா சம்பந்தி?

வீட்டுக்காரர்: சம்பந்தியா? யாரு சம்பந்தி?

வீட்டம்மா: பொண்ணோட அம்மாங்க. பத்திரிகைலன்னு சொன்னேன்ல. உங்க கம்பெனியப் பத்தி எழுதின அதே பத்திரிகைலதான்.

வீட்டுக்காரர்: அப்ப தண்ணி சர்வே?

வந்தவர்: மன்னிச்சுக்கோங்க சார். சர்வே எதுவும் இல்ல.

வீட்டுக்காரர்: இந்தப் புத்தகத்த எழுதினது...

வந்தவர்: நான்தான்.

வீட்டுக்காரர்: அட்டைல போட்டோ இருக்கே. எனக்கு ஏன் அடையாளமே தெரியல?

வீட்டம்மா: எப்படித் தெரியும்? வாங்கின அன்னைக்கே பேனாவ எடுத்து மீசை வரஞ்சு வச்சீங்க. அவங்க மீசை இல்லாம வந்துட்டாங்க.

வந்தவர்: காட்டுங்க... பரவால்ல, நல்லாத்தான் வரஞ்சிருக்கார். முறுக்கு மீசை. ஆனா நீங்க எப்பக் கண்டுபிடிச்சீங்க?

வீட்டம்மா: கேட்டத் தெறக்கும்போதே. கண்ணாடிய மாத்தி, கழுத்துல ஒரு அட்டையத் தொங்கவிட்டா ஆளு மாறிடுமா?

வந்தவர்: ஆஸ்பத்திரில ஆறு மாசம் கூட்டிப் பெருக்கியிருக்கேன். குவாரில கணக்குப்பிள்ளைக்குச் சமைச்சுப் போட்டிருக்கேன். இதுவரைக்கும் யாருமே கண்டுபிடிச்சதில்ல.

வீட்டம்மா: அவங்க யாரும் உங்க பொண்ண மருமகளாக் கேக்கலையே.

வீட்டுக்காரர்: இருங்க, இருங்க. எனக்கு ஒண்ணு புரியல. நேரா வந்து பேசறதுக்கென்ன? எதுக்கு இந்த வேஷம்?

வந்தவர்: ...நேரா வந்திருந்தா மரியாதைக்கு, அதெல்லாம் பழைய கதை, நாங்க மறந்துட்டோம்னு சொல்லியிருப்பீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. மாப்பிள்ளையோட அப்பா எங்க வேலை பாத்தார்னு பொண்ணு போன வாரம்தான் சொன்னா. அதுலேர்ந்து தூக்கம் இல்ல. நான் எழுதினதால உங்க வேலை போச்சு. எழுதினது தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன். ஆனா என் மேல உள்ள கோபத்த என் பொண்ணு மேல காட்டிடக் கூடாதுல்ல. அவ சமையல் மேடை மேல ஏறி உக்காந்துக்கற வீட்ல, ஒருத்தர் அவள ஓரக்கண்ணால பாத்துட்டே இருந்தா... அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். நேராக் கேக்கறேன் இப்ப. கோபம் இருக்கா சார்?

வீட்டம்மா: சொல்லுங்களேன்.

வீட்டுக்காரர்: யோசிக்க விடு. ...இருந்துச்சுங்க. இல்லன்னு சொன்னாப் பொய். தினம் காலைல பல்லு தேய்க்கும்போது உங்களத் திட்டுவேன். நுரையோட திட்டறதால இவளுக்குக் கூடப் புரியாது.

வீட்டம்மா: புரியும்.

வீட்டுக்காரர்: அந்தக் கம்பெனி பேரச் சொன்னாலே எவனும் வேலை குடுக்கல. கொலைகாரனப் பாக்கற மாதிரி பாத்தானுங்க. யார் எழுதினாங்களோ, யார் போட்டுக் குடுத்தாங்களோ, எல்லார் மேலயும் அப்படி ஒரு கோபம். அப்புறம் ஒரு நாள், பையனுக்கு நான்தான் சட்டை மாத்திட்டிருந்தேன். உடம்பு லேசா சுட்டுச்சு. அப்பதான் உறைச்சுது. அந்தப் பெட்டியெல்லாம் நான்தானே குலுக்கிப் பாத்து அடுக்கினேன்? ஒழுங்கா, ஒண்ணு கூட ஒடையாம, ஊர் ஊரா அனுப்பினேன். யாரும் எழுதாம இருந்திருந்தா இன்னும் அனுப்பிட்டுத்தானே இருந்திருப்பேன். சம்பளம் வாங்கிட்டு, நல்ல பேரும் வாங்கிட்டு. அன்னைக்கு அந்தச் சட்டைய கையில வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். கோபம் அன்னைக்கோட சரி. எழுதினவங்க மேலயும் இல்ல, சொன்னவங்க மேலயும் இல்ல.

வீட்டம்மா: இத நீங்க என்கிட்ட சொன்னதே இல்ல.

வீட்டுக்காரர்: நீ கேட்டதே இல்லையே.

வந்தவர்: அப்ப எதுவும் பாக்கி இல்லையா?

வீட்டுக்காரர்: வழுக்கை ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. ஒல்லியான இளைஞர்னு எழுதினீங்க பாருங்க, அதோட அதுவும் தீந்துச்சு. அந்த வரிய இன்னொரு தடவை சொல்லுங்க. இல்ல, வேணாம், எழுதிக் குடுங்க, மச்சானுக்கு அனுப்பணும்.

வந்தவர்: கையெழுத்தும் போட்டுத் தர்றேன்.

வீட்டுக்காரர்: ஆனா ஒண்ணு. இப்ப நான் வழுக்கை. நீங்க அப்ப எழுதினத இப்ப நானே உண்மையாக்கிட்டேன். ...ஐயையோ.

வீட்டம்மா: என்ன ஆச்சு?

வீட்டுக்காரர்: வண்டி ஓட்டக் கத்துக்கற டாக்டரம்மா வாசல்ல வண்டிலயே உக்காந்திருக்காங்க. கிளட்ச அமுக்கிப் புடிங்க, ஒரே நிமிஷத்துல வந்துடறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

வீட்டம்மா: இன்னும் அமுக்கிட்டேவா இருப்பாங்க?

வீட்டுக்காரர்: சொன்னாச் சொன்னபடி கேக்கறவங்க அவங்க. ஒரு ரவுண்டு போயிட்டு விட்டுட்டு வந்துடறேன். சம்பந்தி, நான் வர்றதுக்குள்ள கெளம்பிடாதீங்க. திட்டினது போக மிச்சம் பேச நிறைய இருக்கு.

வந்தவர்: கெளம்ப மாட்டேன் சார். ...நல்ல மனுஷர்ங்க.

வீட்டம்மா: ரொம்ப நல்ல மனுஷர். அதான் பயம். ...டீ குடிங்க, இப்பச் சூடா இருக்கு. ஒண்ணு கேக்கட்டுமா? இந்தத் துப்பறியற வேலைக்கு எப்படி வந்தீங்க?

வந்தவர்: இந்த மருந்து கம்பெனியாலதான். அதுக்கு முன்னாடி நான் பத்திரிகைல ராசிபலன் எழுதிட்டிருந்தேன்.

வீட்டம்மா: உங்களுக்கு ஜோசியம் வருமா?

வந்தவர்: சுத்தமா வராது. எங்க ஆசிரியர் ராசிய மட்டும் நல்லாப் போட்டுட்டு மத்ததெல்லாம் மனசுக்கு வந்தபடி போடுவேன். ஒரு நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்க. ஆபீஸ் போன் அடிக்குது. எடுத்தேன். ஒரு பொம்பளைக் குரல். பேரச் சொல்லல. 'காய்ச்சல் மருந்து பாட்டில் ஒண்ணு வாங்கி லேபிள உரிச்சுப் பாருங்க, அடியில இன்னொண்ணு இருக்கும்'னு சொன்னாங்க. கம்பெனி பேரையும் சொன்னாங்க. வச்சுட்டாங்க.

வீட்டம்மா: உடனே போய் வாங்கினீங்களா?

வந்தவர்: செருப்பக் கூட மாத்திப் போட்டுட்டு ஓடினேன். உரிச்சேன், இருந்துச்சு. அடுத்த வாரம் அதே நேரத்துக்கு மறுபடியும் போன். லாரி எந்தக் கிழமை வருது, பின்பக்கக் கதவு எப்பத் தெறந்திருக்கும்னு. அவ்வளவுதான். மூணாவது தடவை அந்தக் குரல் வரவே இல்ல. எழுதினேன், புத்தகம் போட்டேன், பேர் வந்துச்சு, அடுத்து ஆஸ்பத்திரி, குவாரி, படம்... எல்லாமே அந்த ரெண்டு போன்லேர்ந்து வந்ததுதான்.

வீட்டம்மா: அவங்களத் தேடலையா?

வந்தவர்: இன்னும் தேடறேன். இப்ப எடுக்கற படமே அதப் பத்தித்தான். முதலாளி ஜெயில்லேர்ந்து வந்துட்டார், முகத்துக்குப் பவுடர் போட்டுக்கிட்டு நல்லா பேசினார். அன்னைக்கு சோதனை போட்ட அதிகாரி பேசினார். அந்தம்மா மட்டும் இல்ல. ஊர் ஊரா மருந்து விக்கறவங்க, லாரி ஓட்டினவங்க, எல்லாரையும் கேட்டாச்சு. கடைசிக் காட்சிக்கு வெறும் போனையா காட்டறதுன்னு கேமராக்காரர் தினம் சண்டை போடறார். இருக்காங்களா இல்லையான்னு கூடத் தெரியல.

வீட்டம்மா: கெடைச்சா என்ன கேப்பீங்க?

வந்தவர்: மொதல்ல எல்லாம், எப்படித் தெரிஞ்சுது, ஏன் என்னக் கூப்பிட்டீங்கன்னு கேக்கணும்னு வச்சிருந்தேன். இப்ப ஒண்ணே ஒண்ணுதான். போன வச்சப்புறம் உங்களுக்கு என்ன ஆச்சு? நாங்க எழுதிட்டு அடுத்த ஊருக்குப் போயிடறோம். சொன்னவங்க அங்கயேதானே இருந்தாகணும்.

வீட்டம்மா: ஒண்ணும் ஆகல, நல்லா இருக்கேன்னு சொன்னா?

வந்தவர்: நம்ப மாட்டேன். கண்டிப்பா ஏதாவது ஆகியிருக்கும். அவங்க பேச வேணாம்னாலும் விட்டுடுவேன். பேசறேன்னா முகத்த இருட்டாக்கி, குரல மாத்தி, அவங்க வீட்ல இருக்கறவங்களுக்கே தெரியாத மாதிரி எடுத்துக் குடுப்பேன். அது என் பொறுப்பு.

வீட்டம்மா: முகத்த இருட்டாக்க வேணாம் சம்பந்தி, வெளிச்சத்துலயே எடுங்க. பையனுக்கு அப்ப காய்ச்சல், அவர் கம்பெனிலேர்ந்து கொண்டாந்த பாட்டில கழுவும்போது லேபிள் கையோட வந்துச்சு. அவர்கிட்ட சொல்லியிருந்தா நேரா முதலாளிகிட்டயே போய்க் கேட்டிருப்பார், அதான் உங்க ஆபீசுக்குப் போன் பண்ணேன். லாரி, கதவு எல்லாம் அவர் சாப்பிடும்போது பேசற கம்பெனிக் கதையிலேர்ந்து புடிச்சதுதான்... என்ன ஆச்சுன்னு கேட்டீங்கல்ல, வீட்டுக்காரருக்கு வேலை போச்சு. நீங்க இன்னைக்குக் கேக்க வந்தத இத்தனை வருஷமா நான்தான் கேக்க பயந்துக்கிட்டிருந்தேன். சர்வேன்னு வாசல்ல நின்னீங்க, சரி, நீங்களே கேளுங்கன்னு உள்ள விட்டேன்.